இரண்டு முறை படித்த அட்டை

எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண காரியம், என் மகள் வசந்தி ஓர் அட்டையைச் சத்தம் போட்டுப் படித்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கரியாஹாட் மார்க்கெட்டில் வாங்கி வந்த ரூயி மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்திருந்தேன். அவருடைய இடது மணிக்கட்டில் நாய்ப் பல் பட்ட இடம் காய்ந்து கறுத்துவிட்டது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட இடங்கள் மட்டும் கன்றிப்போயிருந்ததால் லுங்கியை இறக்கிக் கட்டியிருந்தார். அன்று காலைதான் ஐந்தாவது ஊசி. நாய் எப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். காலையில்கூட மீன்கடைப் பலகைக்கு அடியில் படுத்திருந்தது, நன்றாகத்தான் இருக்கிறது என்று இவர் சொன்னாராம். அப்படியானால் இப்போதைக்கு இது போதும், மற்றதெல்லாம் இதில் இருக்கிறது, வீட்டில் படித்துக்கொள் என்று ஓர் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். இவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்களாம்.

தடித்த மஞ்சள் அட்டை. ஒரு பக்கத்தில் அவர் பெயர், வயது, பதினாலு சின்னக் கட்டங்கள். ஐந்து கட்டங்களில் சிவப்பு மையால் குறி போட்டிருந்தார்கள். கீழே அவருடைய கையெழுத்து. மறுபக்கத்தில் நாலு வரி இங்கிலீஷ்.

"அம்மிணி, இதைக் கொஞ்சம் படி பார்க்கலாம்," என்றார்.

வசந்தி அப்போது ஒன்பதாம் வகுப்பு. எழுந்து நின்று, இரட்டைப் பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடப் போட்டியில் நிற்கிற மாதிரி நின்று படித்தாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். எங்கே குரலை ஏற்ற வேண்டுமோ அங்கே ஏற்றினாள். அவர் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா படி கண்ணு."

மறுபடியும் படித்தாள். இரண்டாம் முறை அவள் கண் அட்டையில் இல்லை. ஜன்னல் பக்கம் இருந்தது. ஒரு முறை படித்தாலே அவளுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

"ஊசி போடற அந்த டாக்டர்கூட இப்படிப் படிக்கமாட்டான்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவளிடம், "ஊசி முடிஞ்சுது, இனி வர வேண்டாம்னுதானே போட்டிருக்குது?" என்றார்.

வசந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமாப்பா," என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் அட்டையில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, காலண்டர் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிவைத்தார். அவருக்கு எந்தக் காகிதமும் சுவரில் இருக்க வேண்டும்.

நாங்கள் சங்ககிரிப் பக்கத்தவர்கள். கல்யாணமான வருஷமே, ஐம்பத்தேழில், கல்கத்தா வந்துவிட்டோம். அவர் ஹவுராவில் ஓர் இரும்புப் பட்டறையில் லேத்து ஓட்டினார். கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வங்காளியின் மூன்று மாடி வீட்டில், தரைத்தளத்தில் எங்களுக்கு இரண்டு அறை. எதிர் இரண்டு அறைகளில் அருக்காணியும் அவள் வீட்டுக்காரர் சௌந்தரராஜனும். நடுவில் குழாயடி. நான் எட்டாவது வரை தமிழில் படித்தவள். லேக் மார்க்கெட் கடையில் பருப்பு கட்டித் தருகிற தமிழ்க் காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வரும். இங்கிலீஷில் தன் பெயரை மட்டும் எழுதுவார். பட்டறையில் கைநாட்டு வைக்கிறவர்களைத் தனி வரிசையில் நிறுத்துவார்கள் என்பதால் அதை ஒரு மாதம் எழுதிப் பழகினார்.

வசந்தி தெருவில் வங்காளி பேசினாள், எங்களிடம் தமிழ், அவளும் அருக்காணியின் பிள்ளைகளும் சண்டை போட்டால் இந்தி. வீட்டுச் சொந்தக்கார வங்காளியின் சிபாரிசில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. மூன்றாம் வகுப்பிலிருந்தே படித்துக் காட்டும் போட்டியில் வருஷா வருஷம் பரிசு. அந்தச் சந்தில் இருந்த ஆறேழு தமிழ்க் குடும்பங்களும் எந்த இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவரும். பட்டறைக் கடிதம், இன்ஷூரன்ஸ் கடிதம், கார்ப்பரேஷன் நோட்டீஸ். வந்தவர் ஸ்டூலில் உட்காருவார். இவள் நின்றுகொண்டு முழுதும் படிப்பாள். சத்தம் குழாயடி வரை கேட்கும். முடிந்ததும் வந்தவரே சொல்லிவிடுவார்: "பாக்கியைக் கட்டச் சொல்றான், அதானே?" இவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்பாள். வந்தவருக்குத் தன் காகிதத்தில் என்ன இருக்கும் என்று பாதி முன்னமே தெரியும். மீதியைக் கேட்பது அவளைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு வருஷம் இப்படி நடந்தது. ஒரு முறைகூடத் தப்பு வெளியே வரவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கழித்துப் புதன்கிழமை. வசந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையை இறக்கிவைக்கும்போதே சொன்னாள்.

"அப்பா, அந்த நாயைக் காணோம். மீன்கார மாமா ரெண்டு நாளாத் தேடறாராம்."

அவர் காலை ஷிப்டு முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "விட்டுது சனியன். நாய் பிடிக்கற கார்ப்பரேஷன் வண்டியில போயிருக்கும்," என்றார். நானும் சிரித்தேன். அவள் தலைக்கு நேர் மேலே அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றில் அது திரும்பித் திரும்பி இரண்டு பக்கத்தையும் காட்டியது. இதை நான் பிற்பாடு நினைத்துச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்போதே பார்த்தேன். நூலைக் குட்டையாகக் கட்டியிருக்கலாம் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

நாற்பது நாள் ஆயிற்று. பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மணிக்கட்டில் கடிபட்ட இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். தேங்காய் எண்ணெய் தடவினேன். சனிக்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் கேட்டார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு டம்ளரைத் தட்டிவிட்டார். கோபத்தில் தட்டவில்லை. தண்ணீரைப் பார்த்துப் பயந்துபோய்த் தட்டினார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். காற்று மேலே பட்டால் உடம்பு தூக்கிப்போட்டது.

வசந்தியை அருக்காணியிடம் விட்டுவிட்டு, சௌந்தரராஜன் அண்ணனும் நானும் டாக்ஸியில் அவரை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆணியிலிருந்து அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசு வங்காளி. என் வீட்டுக்காரரை உள்ளே இருட்டறையில் படுக்கவைத்துவிட்டு வெளியே வராந்தாவுக்கு வந்தார். நாய் இருக்கிறதா என்று கேட்டார். காணாமல் போய்விட்டது என்றேன். எப்போது என்றார். கடித்த எட்டாம் நாள் தெரிந்தது என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அட்டை கொடுத்திருப்பார்களே என்றார். எடுத்துக் கொடுத்தேன். படித்தார். பிறகு அதைத் திருப்பி, எழுத்து எனக்கு நேராக இருக்கும்படி என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"இதைப் படிக்கவில்லையா?"

"படிச்சோம்," என்றேன். "ரெண்டு தடவை படிச்சோம்."

அவர் அந்த நாலு வரியையும் வங்காளியில் சொன்னார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால் மிச்ச ஊசி தேவையில்லை. அதற்குள் நாய் செத்துப்போனாலோ, காணாமல் போனாலோ, அன்றைக்கே திரும்பி வந்து பதினாலு ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது.

இப்போது போட்டுவிடுங்கள், மிச்ச ஊசியை இப்போதே போட்டுவிடுங்கள் என்று கேட்டேன். டாக்டர் அட்டையை என் கையில் கொடுத்து, என் விரல்களை அதன் மேல் மடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது அவர் போய்விட்டார். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வராந்தாவில் பேசியபோது சௌந்தரராஜன் அண்ணன் வாசலில் டாக்ஸிக்காரனை அனுப்பிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான். வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் தலையில் சுற்றியது. அவள் படித்தாள், படித்துவிட்டு ஆமாம் என்றாள், நாயைக் காணோம் என்றும் அவளே வந்து சொன்னாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? விளையாட்டுப் புத்தியா? மறந்துவிட்டாளா? பெற்ற பெண்ணைப் பற்றி ஒரு தாய் நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்தேன். எனக்குப் படிப்பு என்றால் படித்தது உள்ளே போவது. உள்ளே போகாமல் வாயால் மட்டும் ஒருத்தி படிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அருக்காணி அதை வாங்கி வந்து வசந்தியிடம் கொடுத்தாள். அவள் நின்று படித்தாள். அதே குரல். தகப்பன் செத்துப் பதினேழாம் நாள் அந்தக் குரல் அப்படியே இருந்தது எனக்குக் கோபமாக வந்தது. அருக்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரை நினைத்து, மாணிக்கண்ணன் இதைக் கேட்க இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சொல்லு. என்ன இருக்குது அதுல?"

பின்னால் காகிதம் மடிகிற ஓசை கேட்டது. பிறகு, சின்னக் குரலில், "அம்மா, இந்தப் பக்கம் பாரேன்," என்றாள்.

நான் திரும்பவில்லை. சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலம்மா," என்றாள்.

அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் இறந்தபோது விழாத அடி அப்போதுதான் விழுந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆறு வருஷமாக எங்கள் சந்து முழுவதையும் அவள் முகம் பார்த்துப் படித்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் படித்தது அவர் முகத்தைத்தான். ஊசி முடிந்தது என்று கேட்க அவருக்கு ஆசை. அது முகத்தில் எழுதியிருந்தது. அதைத்தான் சரியாகப் படித்து ஆமாம் என்றாள்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைப் பெட்டிக்குள், அடியில் விரித்திருந்த காகிதத்துக்கும் கீழே வைத்தேன்.

கோடை விடுமுறைக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மாயா மிஸ் என்று ஒரு வங்காளி டீச்சர், அவளுடைய வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவர். டீச்சர் டிரெயினிங் காலேஜிலிருந்து ஒரு பெண் வந்து ஒன்பதாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்தாளாம். புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்து, சத்தமில்லாமல் படித்துவிட்டு, கேள்விகளுக்குச் சொந்தமாகப் பதில் எழுதச் சொன்னாளாம். இருபது கேள்வி. வசந்திக்கு மூன்று சரி.

மாயா மிஸ் அந்தத் தாளை மேஜைமேல் எனக்கு முன்னால் வைத்தார். இந்த வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள் இவள்தான் என்று நான் நினைத்திருந்தேன், என்றார். யாராவது பெரியவர்கள் வந்தால் இவளைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்வோம். கேள்வி பதிலெல்லாம் நாங்களே போர்டில் எழுதிப்போடுகிறோம், இவள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறாள், நாங்களும் மார்க் போட்டுவிடுகிறோம். வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, இங்கே ஒன்று. இங்கே படித்ததைப் பற்றி இவள் யாரோடும் எந்தப் பாஷையிலும் பேசியதில்லை. சத்தமாகப் படிக்கும்போது இவள் மனசு முழுக்கக் குரலில் இருக்கிறது, அர்த்தத்துக்கு இடமே இல்லை. இவள் மட்டும் இல்லை, வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான். மற்றவர்கள் திக்கித் திணறிப் படிப்பதால் தெரிந்துவிடுகிறது, இவள் அழகாகப் படித்ததால் தெரியவில்லை. இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, தினம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு மணி நேரம் அனுப்புங்கள், நான் முதலிலிருந்து சொல்லித் தருகிறேன் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு வருத்தம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

யோசிக்க ஒன்று இருந்தது. அவள் உண்மையாகப் படிக்கக் கற்றுக்கொண்டால், ஒரு நாள் அந்த அட்டையைப் படித்துவிடுவாள்.

தனியாகத் தாங்க முடியாமல் அருக்காணியிடம் மட்டும் சொன்னேன். குழாயடியில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் துணியைத் திரும்ப வாளியில் போட்டாள். தன் வழியில் ஒரு யோசனை சொன்னாள்.

"அந்த அட்டையை அடுப்புல போடுங்கக்கா. அவளையும் படிப்பை நிறுத்திப்போட்டுத் தையலுக்கு அனுப்புங்க. தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும் புள்ளை."

அன்றைக்கு அடுப்பு எரியும்போது அட்டையை எடுத்தேன்தான். அதில் அவர் கையெழுத்து இருந்தது. இங்கிலீஷில், எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல், எறும்பு வரிசை மாதிரி. வீட்டில் வேறெங்கும் அவர் கையெழுத்து இல்லை. திரும்பவும் பெட்டிக்குள் வைத்தேன். அவளைத் தையலுக்கு அனுப்பவும் மனசு வரவில்லை. இன்னொரு காகிதம் வரும். என் காலத்துக்குப் பிறகு, அவள் குழந்தைக்கு ஜுரம் வரும்போது, ஒரு மருந்து டப்பாவின் மேல் நாலு வரி இருக்கும். அப்போது யார் முகத்தைப் பார்ப்பாள்? விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று மாயா மிஸ்ஸிடம் போய், அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் பிளவுஸ் தைக்க ஆரம்பித்திருந்தேன். மிஷினை ஓட்டிக்கொண்டே அவள் வருகிற நேரத்தை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கற்றுக்கொண்டு வருகிறாளோ என்று பயத்தோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மழைக்காலம் முடிவதற்குள் வித்தியாசம் தெரிந்தது. அவள் படிப்பு கெட்டுவிட்டது. அதாவது, எங்கள் சந்துக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். சத்தமாகப் படிக்கும்போது நடுவில் நின்றாள். போன வரிக்குத் திரும்பிப் போனாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பூஜை லீவு முடிந்து நடந்த போட்டியில் முதல் முறையாகப் பரிசு இல்லை. தகப்பன் போன துக்கம் புள்ளையை இப்படிப் பண்ணிவிட்டது என்று அருக்காணி வீட்டுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சௌந்தரராஜன் அண்ணன் ஒரு நாள் இன்ஷூரன்ஸ் கடிதம் கொண்டுவந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, "படி தாயி, பாக்கி கட்டச் சொல்லியிருப்பான்," என்றார். அவள் சத்தமில்லாமல் படித்தாள். அவருக்கு அதுவே பிடிக்கவில்லை.

"மாமா, பாக்கி கட்டச் சொல்லலை. பாலிசியே போயிடுச்சுன்னு போட்டிருக்கு. போன வருஷமே ரெண்டு தடவை எழுதியிருக்காங்களாம்."

"அந்தக் கடுதாசி ரெண்டையும் நீதானே படிச்சே?"

அவள் முகம் சுருங்கியது. "ஆமா மாமா," என்றாள்.

அண்ணன் நல்லவர். அவளைத் திட்டாமல் கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனார். ஆனால் வசந்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். இதுவரை படித்த காகிதங்களையெல்லாம் அவள் மனசு ஒவ்வொன்றாகப் புரட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும், அட்டைதான் பெட்டிக்குள் இருக்கிறதே, காகிதத்துக்கு அடியில் இருக்கிறதே என்று தைரியப்படுத்திக்கொண்டேன்.

மார்கழி. பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாள். முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் மிஷினில். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாடமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என் கால் மிதியை நிறுத்திவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் தெரியும். எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே நிற்கும் என்று தெரியும். பெட்டியில் ஒளித்து என்ன பயன்? அவர் இரண்டாம் முறை படிக்கச் சொன்னபோதே அது அவளுக்கு மனப்பாடம். பத்து மாதமாக அது அவள் தலைக்குள்தான் இருந்திருக்கிறது, அர்த்தத்துக்காகக் காத்துக்கொண்டு.

ஒரு பட்டாணித் தோலைப் பாதி பிரித்த விரல்கள் அப்படியே நின்றன. இப்போது ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அதைத் தமிழில் சொன்னாள், மாயா மிஸ் பழக்கிய மாதிரி. "அந்த மிருகம்." அடுத்த சொல். "பத்து நாளுக்குள்ள." அடுத்தது. "செத்துட்டா." குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டியது.

"இல்லேன்னா காணாமப் போனா," என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அவள் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். ஒரு சொல்லும் விடவில்லை.

"அம்மா. நாயைக் காணோம்னு நான்தானே வந்து சொன்னேன்."

"ஆமா."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு."

"அப்பா கேட்டப்ப நான் ஆமான்னு சொன்னேன்."

இந்த இடத்துக்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு தடவை படிச்சே. ரெண்டு தடவையும் நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன். அதுக்கு என்னடி அர்த்தம்னு ஒருக்காவது கேட்டனா? ஆறு வருஷத்துல ஒருக்கா?"

அவள் அழவில்லை. மடியில் இருந்த பட்டாணியைத் தட்டில் போட்டுவிட்டு, தோலைத் தனியாக ஒதுக்கிவிட்டு வந்தாள். "அட்டையை எரிச்சுட்டியா?" என்று கேட்டாள். நான் பெட்டியைத் திறந்து காகிதத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள். உதடு அசையவில்லை. முற்றத்து வெயில் அவள் காலைவிட்டு நகர்ந்து குழாயடிக்குப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, காலண்டர் பக்கத்தில் அவர் அடித்த ஆணியில் அதை மாட்டினாள். நான் எடுத்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் மாட்டியிருந்தாள். அதற்கு மேல் நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ராத்திரியில் தூங்காமல் கிடப்பாள் என்று தெரியும். நான் முன்னமே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாளோ, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாளோ, இன்று வரை நான் கேட்டதில்லை. மாயா மிஸ்ஸிடம் மட்டும் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. வசந்தி சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கிறாள். சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். இங்கேயும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள், தமிழரும் வங்காளிகளும். உட்காரச் சொல்வாள். சத்தமில்லாமல் இரண்டு முறை படிப்பாள். என்ன இருக்கிறது என்று அவர்கள் பாஷையில் சொல்வாள். பிறகு, நான் சொன்னதை நீங்கள் ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள் என்பாள். சிலருக்குக் கோபம் வரும். சொல்லாமல் விடமாட்டாள். அவர்கள் சொல்லும்போது அவள் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள். காகிதத்தைத்தான் பார்ப்பாள்.

அட்டை இங்கேயும் ஓர் ஆணியில் தொங்குகிறது. மஞ்சள் வெளுத்துவிட்டது, சிவப்பு மை பழுப்பாகிவிட்டது. பதினாலு கட்டங்களில் ஐந்தில்தான் குறி. ஒன்பது காலி.